மூன்று வாரக் கரகரப்பு

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை 6.10. எழுந்தேன். காபி வந்தது. பால் பேருக்குத்தான்.

6.40. நர்ஸ் வந்து ரத்தம் எடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். சுகருக்கு என்றாள். நேற்றும் சுகருக்குத்தான் எடுத்தாள். ஆனால் இன்றைக்கு இரண்டு குழாய். இரண்டாவது எதற்கம்மா என்றதற்கு, "டாக்டர் எழுதியிருக்காருங்க ஐயா" என்று நழுவிவிட்டாள். குறித்துக்கொண்டேன்.

முப்பத்தோரு வருஷ சர்வீஸில் பெரும்பகுதி போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் வேலை பார்த்தவன் நான். புகார் எழுதுவது, வாக்குமூலம் எழுதுவது, ஸ்டேஷனில் நடப்பதை மணி வாரியாகப் பொது நாட்குறிப்பில் ஏற்றுவது. ரிட்டயர் ஆகி நாலு வருஷமாகியும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இங்கே நடப்பதையும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் ஆதாரம் வேண்டாமா?

பெயர் சங்கரபாண்டியன். வயது 62. ஊர் சங்கரன்கோவில். தற்சமயம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு, கட்டில் எண் 14. உடன் இருப்பவர் மனைவி உலகம்மாள். மகன் நாதன் திருப்பூரில் வேலை, ஞாயிறு வந்து போவான். வந்த காரணம், தொண்டையில் ஒரு கட்டி.

11.20. டாக்டர் ஜவஹர் ரவுண்ட்ஸ் வந்தார். குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டுமாம். "பேச்சு போயிரும் ஐயா. ஆள் இருப்பீங்க" என்றார், என்னமோ தள்ளுபடி கொடுப்பவர் மாதிரி. சர்க்கரை இறங்க மூன்று வாரம் ஆகும், ஆபரேஷன் 26-ஆம் தேதி, சம்மதக் கையெழுத்து போடுங்கள் என்றார். பார்க்கலாம் என்றேன். ஆயிரம் பேரிடம் கையெழுத்து வாங்கியவனிடம் அவ்வளவு சுலபமாக வாங்கிவிட முடியுமா?

போகிற போக்கில் திரும்பி நின்று, "கரகரப்பு எத்தனை நாளா இருக்குன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அட்மிஷன் அன்றைக்குச் சொன்னதைத்தான் சொன்னேன். மூன்று வாரம். உலகம்மாளைப் பார்த்தேன். அவளும் தலையாட்டினாள். டாக்டர் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்க்கட்டும்.

பிப்ரவரி 4, புதன்

பக்கத்துக் கட்டில் மாரிக்கனி. கோவில்பட்டி லாரி டிரைவர். அவருக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. கழுத்தில் ஓட்டை, அதன் வழியாகத்தான் மூச்சு. பிள்ளைகள் எழுதும் சிலேட்டு ஒன்று வைத்திருக்கிறார். அதில் "எந்த ஊர்?" என்று எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார். சங்கரன்கோவில் என்றேன். அழித்துவிட்டு "பயப்படாதிக" என்று எழுதினார்.

நான் பயப்படுகிறேன் என்று இவரிடம் யார் சொன்னது?

பிப்ரவரி 5, வியாழன்

மதியம் ஒரு பெண் வந்தாள். இருபத்தெட்டு வயசிருக்கும். காட்டன் சுடிதார், தோளில் துணிப்பை, கையில் செல்போன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிப் பார்த்தேன். போட்டோ அவளுடையதுதான். பெயர் பெனிட்டா, த/பெ அந்தோணிராஜ், ஊர் திண்டுக்கல்.

"ஐயா, நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றேன். இந்த நோயோட இருக்கிறவங்ககிட்ட அவங்கவங்க கதையக் கேட்டுப் பதிவு பண்றேன்."

"கதை கேக்கணும்னா சினிமாவுக்குப் போ."

அவள் கோபப்படவில்லை. "ஸ்கேன்ல கட்டி எத்தனை சென்டிமீட்டர்னு வந்துரும் ஐயா. உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு வராதுல்ல? அது தெரிஞ்சாத்தான் அடுத்து வர்றவங்ககிட்ட எப்படிப் பேசணும், என்ன கேக்கணும்னு டாக்டர்களுக்குப் புரியும்" என்றாள்.

அடடா, நல்ல பேச்சு. அவளுக்கு இந்த வார்டுக்குள் வர அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டேன். டாக்டர் ஜவஹர்தானாம். எனக்குப் பொறி தட்டியது. கையெழுத்து போடாதவனிடம் நைச்சியமாகப் பேசி வழிக்குக் கொண்டுவர ஆள் அனுப்பியிருக்கிறார். இந்த வேலையை நாங்களே செய்திருக்கிறோம். மிரட்டுகிறவர் ஒருவர், டீ வாங்கிக் கொடுக்கிறவர் ஒருவர்.

சரி, வா, நானும் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சனிக்கிழமை வரச் சொன்னேன்.

பிப்ரவரி 7, சனி

பதினொரு மணிக்குக் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. மேஜை, மூன்று நாற்காலி, டீ, மேரி பிஸ்கட். டீயைத் தொடவில்லை. செல்போனை என் முன்னால் வைத்துப் பதிவைப் போட்டாள். நானும் வாக்குமூலம் கொடுத்தேன்.

"நான் மேற்கண்ட விலாசத்தில் குடியிருந்து வருகிறேன். காவல்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றுள்ளேன். கடந்த மூன்று வாரங்களாக எனக்குத் தொண்டையில் கரகரப்பு இருந்து வந்த நிலையில், உடனடியாக மருத்துவரை அணுகி..."

நாலு நிமிஷத்தில் முடித்தேன். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அவள் செல்போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயா, யாரோ எழுதிக் குடுத்ததைப் படிச்ச மாதிரி இருக்கு."

"எழுதிக் குடுத்ததும் நாந்தான், படிச்சதும் நாந்தான். அதுல என்ன குத்தம் கண்ட?"

"குத்தம் இல்ல. இதுல நீங்க இல்லையேன்னு பார்த்தேன்." பிறகு கேட்டாள், "முதல் முதல்ல குரல்ல ஏதோ வித்தியாசம்னு தோணுன நாள் ஞாபகம் இருக்கா? அன்னைக்கு வீட்ல என்ன சமையல், யார் இருந்தா, அந்த மாதிரி?"

பார்த்தீர்களா, டாக்டர் கேட்ட அதே கேள்வி. சட்டையை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிறது. இருமல் வருகிற மாதிரி இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

மறுபடியும் போனேன். வேறு எதற்கும் இல்லை, அவள் என்ன நோக்கத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான். சர்வீஸ் கதைகள் ஒன்றிரண்டு சொன்னேன். நான் ஸ்டேஷனுக்குள்ளிருந்து ஒரு அதட்டல் போட்டால் ரோட்டில் போகிறவன் சைக்கிளை விட்டு இறங்குவான். அதைச் சொன்னதும் சிரித்தாள். நடுவில் மறுபடியும் தேதி கேட்டாள். ஒரு மாசம், ஒன்றரை மாசம் இருக்கும் என்று சொல்லி வைத்தேன்.

மாலை 4.30. வார்டுக்குத் திரும்பினால் உலகம்மாளைக் காணவில்லை. 5.15-க்கு வந்தாள். எங்கே போனாய் என்றேன். வெந்நீர் பிடிக்கப் போனேன் என்றாள். பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் ஆறிப்போய்க் கிடந்தது.

ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள்.

பிப்ரவரி 11, புதன்

உலகம்மாள் மறுபடியும் முக்கால் மணி நேரம் இல்லை. வரும்போது சேலை மடிப்பில் பிஸ்கட் தூள். மேரி பிஸ்கட். இந்த ஆஸ்பத்திரியில் மேரி பிஸ்கட் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்.

பிப்ரவரி 12, வியாழன்

3.40. பின்தொடர்ந்தேன். லிப்டில் போகாமல் படியில் இறங்கினேன். மூச்சு வாங்கியது, இரண்டு இடத்தில் நின்று போனேன். அந்த அறைக் கதவில் சதுரமாக ஒரு கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன்.

உலகம்மாள் பேசிக்கொண்டிருந்தாள். கை இரண்டையும் ஆட்டி ஆட்டிப் பேசினாள். நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் என்னிடம் அவள் சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசியதில்லை. சோறு வைக்கவா, கரண்ட் பில் கட்டணும், நாதன் போன் பண்ணினான். அவ்வளவுதான் அவள் பேச்சு என்று நினைத்திருந்தேன். அங்கே அவள் நாற்பது நிமிஷம் பேசினாள். நின்று பார்த்தேன்.

என்னைப் பற்றித்தான் பேசியிருப்பாள். வேறு எதைப் பற்றிப் பேசுவதற்கு அவளுக்கு என்ன இருக்கிறது? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கோபமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை. கோபம் என்றே எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

பெனிட்டாவைப் பிடித்தேன்.

"என் வீட்டுக்காரி என்ன சொன்னா?"

"அவங்க சொன்னது அவங்களோடது ஐயா. அவங்க சம்மதம் இல்லாம யார்கிட்டயும் காட்ட முடியாது."

"நான் யாரோவா?"

"நீங்க சொன்னதையும் நான் அவங்ககிட்ட சொல்லல."

அதட்டினேன். குரல் எழும்பவில்லை. பாதியில் உடைந்து வெறும் காற்றாகப் போனது. அவள் எழுந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துத் தொலைத்தேன். பிறகு அவளே சொன்னாள். பேசியதை அப்படியே எழுத்தில் எடுத்து, பேசியவரிடமே படிக்கக் கொடுப்பாளாம். மாற்றலாம், அடிக்கலாம், வேண்டாம் என்றால் மொத்தமாக அழித்துவிடச் சொல்லலாம். திங்கட்கிழமை என்னுடையதைத் தருவதாகச் சொன்னாள்.

படித்துக் காட்டுவது எங்களிடமும் உண்டு. புகார் எழுதி முடித்ததும் கடைசியில் ஒரு வரி போடுவோம். 'படித்துக் காட்டக் கேட்டேன், சரி.' அதற்குக் கீழே கையெழுத்து. உண்மையில் படித்துக் காட்டியது எத்தனை பேருக்கு என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 16, திங்கள்

பதினேழு பக்கம் கொடுத்தாள். கட்டிலில் உட்கார்ந்து படித்தேன்.

என்ன எழுத்து இது! நான் இருமியதெல்லாம் இருக்கிறது. நான் பேசாமல் இருந்தது கூட இருக்கிறது. '(அமைதி)', '(நீண்ட அமைதி)', '(தண்ணீர் குடிக்கிறார்)'. முப்பத்தோரு வருஷத்தில் நான் ஒருத்தருடைய அமைதியையும் எழுதியதில்லை. அதற்குப் படிவத்தில் இடம் கிடையாது.

தேதியை மட்டும் தேடினேன். இரண்டாம் பக்கத்தில் மூன்று வாரம் என்கிறேன். ஆறாம் பக்கத்தில் ஒரு மாசம், ஒன்றரை மாசம். பதினோராம் பக்கத்தில், எந்தப் பேச்சிலோ, தீபாவளிக்கு நாதன் வந்தபோது அவனைக் கூப்பிடக் குரல் வரவில்லை, கைதட்டிக் கூப்பிட்டேன் என்று உளறியிருக்கிறேன். பதினைந்தாம் பக்கத்தில் கரகரப்புக்கு உலகம்மாள் ஆடாதோடைக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், மழைக்காலத்துக்கு முன்னாலேயே என்கிறேன். ஒரே ஆள், நாலு தேதி. எதிரே குற்றவாளி உட்கார்ந்து இப்படிச் சொல்லியிருந்தால் டீ ஆறுவதற்குள் நான் பிடித்திருப்பேன்.

மூன்று மணிக்குக் கீழே போய் மொத்தத்தையும் அழித்துவிடச் சொன்னேன். குரலையும் சேர்த்து. பெனிட்டா ஏன் என்று கேட்கவில்லை. "உங்க உரிமை ஐயா. அதுக்கு ஒரு படிவம் இருக்கு, நாளைக்குத் தர்றேன். நீங்க கையெழுத்து போட்டதும் அழிச்சிடறேன்" என்றாள்.

அந்தக் கையெழுத்தை உடனே போடுவேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பெனிட்டா படிவம் கொடுத்தாள். பேனாவில் மை இல்லை.

பிப்ரவரி 18, புதன்

காலையில் உலகம்மாளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துப் பேசினேன். கத்தவில்லை. அமைதியாகத்தான் சொன்னேன்.

"நான் சொன்னதை அழிக்கச் சொல்லிட்டேன். நீயும் போயி உன்னோடத வாபஸ் வாங்கிரு. குடும்பத்துக்குள்ள நடக்கதை வெளிய எதுக்குச் சொல்லணும்? எழுதிட்டா அப்புறம் நம்ம கையில இல்ல பாத்துக்கோ."

சொல்லும்போதே இந்த வார்த்தைகள் எனக்குப் பழக்கமானவை என்று தோன்றியது. முகம் வீங்கி, கை வீங்கி ஸ்டேஷனுக்கு வந்த எத்தனை பெண்களிடம் இதைச் சொல்லியிருப்பேன்! உன் புருஷன்தானம்மா, எழுதிட்டா அழிக்க முடியாது, வீட்டுக்குப் போ. அவர்களும் எழுந்து போவார்கள். நாட்குறிப்பில் 'சமாதானமாகப் போய்விட்டதாகத் தெரிவித்தார்' என்று எழுதுவேன்.

உலகம்மாள் எழுந்து போகவில்லை.

"உங்க குரலையுமா அழிக்கச் சொன்னிய?"

"ஆமா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க இப்பிடிப் பண்ணுதிய? அதுல ஒண்ணுலதான உங்க குரல் இருக்கு! வேற எங்க இருக்கு, சொல்லுங்க. கல்யாண கேசட்டுல கூட நீங்க பேசல. இருவத்தாறாம் தேதிக்குப் பொறவு நான் எங்க போயிக் கேக்க?"

வராந்தாவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உலகம்மாள் சத்தம் போட்டு நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நான் வாபஸ் வாங்க மாட்டேன்" என்றாள். "என்ன வேணும்னாலும் பண்ணிக்கிடுங்க."

பிப்ரவரி 19, வியாழன்

9.05. பெனிட்டா வருவதற்கு முன்பே அந்த அறை வாசலில் போய் நின்றேன். படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வெறுமையாக. அழிக்க வேண்டாம் என்றேன். சரி ஐயா என்றாள். அவள் முகத்தில் ஜெயித்த களை இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

பிறகு வராந்தாவில் உலகம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்ன சொன்ன அந்தப் பிள்ளைகிட்ட? திட்ட மாட்டேன், சொல்லு."

"நீங்க கேட்டிருந்தா என்னைக்கோ சொல்லியிருப்பேன். நீங்கதான் பின்னாலயே வந்து கண்ணாடி வழியாப் பாத்திய."

அதையும் பார்த்துவிட்டாளா! போலீஸ்காரன் பெண்டாட்டி.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அழகுபடுத்தவில்லை.

"சிரிச்சது எதுக்குன்னா, கல்யாணமான புதுசுல போலீஸ் லைன் வீட்ல நீங்க போன்ல ஹலோன்னு கத்துன கத்துல பால்காரரு கேனக் கீழ போட்டாருல்லா, அத சொன்னேன். அப்பிடிப்பட்ட குரல் ஒரு நாள் மாறுச்சு. மொதல்ல எனக்குத்தான் தெரிஞ்சது. நான் சொன்னேன். என் குரலுக்கு என்னடி கொறைச்சல்னு விழுந்திய. பொறவும் சொன்னேன். கஷாய டம்ளரத் தூக்கி எறிஞ்சிய. தென்காசில காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட நாதன் மூலமா ரெண்டு தடவ நம்பர் போட்டு வச்சேன். ரெண்டு தடவையும் நீங்க போகல. அதெல்லாம் கூடப் பரவால்ல."

நிறுத்தினாள். ரொம்ப நேரம் பேசவில்லை. நீண்ட அமைதி என்று பெனிட்டா எழுதியிருப்பாள்.

"இங்க வந்து டாக்டரு கேட்டப்ப மூணு வாரம்னிய. என்னையப் பாத்திய. நான் தலைய ஆட்டிட்டேன். நெசத்தச் சொல்லியிருந்தா வேற வைத்தியம் பண்ணியிருப்பாகளோ, கத்தி வைக்காம கரண்ட் வச்சே சரி பண்ணியிருப்பாகளோ, நான் தலையாட்டுனதாலதான் உங்க குரல்வளையவே எடுக்காகளோன்னு எனக்கு அன்னைலருந்து சோறு எறங்கல. யாருகிட்ட கேக்க? டாக்டர்கிட்ட கேட்டா உங்களக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதான் அந்தப் பிள்ளைகிட்டப் போனேன். நாந்தானாம்மா எங்க வீட்டுக்காரரோட பேச்சப் பறிச்சேன்னு கேட்டேன்."

நான் அவளைச் சந்தேகப்பட்டேன். பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன், சேலையில் தூள் தேடினேன், படி இறங்கி ஒளிந்து பார்த்தேன். என்னைப் பற்றிக் குற்றம் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் தன் பேரில் குற்றம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அழுதேன். எழுதுவதில் வெட்கமில்லை. 10.20 முதல் 10.35 வரை.

பிப்ரவரி 20, வெள்ளி

டாக்டர் ஜவஹர் அறை. உலகம்மாளையும் கூட்டிப் போனேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"டாக்டர், மூணு வாரம்னு நான் சொன்னது பொய். ஆடித்தபசுக்கு மறுநாளே என் வீட்டுக்காரி சொல்லிட்டா, குரல் மாறுதுன்னு. நாந்தான் வரல. இவ தலையாட்டினது என் பார்வைக்குப் பயந்து. பதிவுல திருத்திக்கோங்க."

ஆடி மாசம் என்றதும் உலகம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். கூச்சமாக இருந்திருக்கும்.

டாக்டர் அவளைப் பார்த்துத்தான் பேசினார். "அம்மா, நீங்க தலையாட்டினதுக்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்ல. கேமராவ உள்ள விட்டுப் பார்த்த அன்னைக்கே எனக்குத் தெரியும், இது மூணு வாரக் கதை இல்லன்னு. நீங்க உண்மையச் சொல்லியிருந்தாலும் இதேதான் செய்யச் சொல்லியிருப்பேன்."

"நெசமாவா டாக்டர்? எனக்காகச் சொல்லலையே?"

"சத்தியமா."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. எத்தனை நாளாக இதைச் சுமந்திருக்கிறாள்!

அப்புறம் நான் கேட்டேன். "அவ சொன்ன உடனே வந்திருந்தா?"

டாக்டர் பேனாவை மூடினார், திறந்தார். "ஆரம்பத்துல வந்திருந்தா கரண்ட், அதான் கதிர்வீச்சு, மட்டும் வச்சே கட்டி போயிருக்க வாய்ப்பு இருந்துச்சு. குரல் இருந்திருக்கும்" என்றார். "இப்பவும் ஆபரேஷன் பண்ணா உயிருக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. இன்னும் தள்ளுனா அதுவும் இல்ல."

படிவத்தை வாங்கினேன். மேலே நோயின் பெயர் என்ற இடத்தில் கேன்சர் என்று எழுதியிருந்தது. இந்த டைரியில் இதுவரை கட்டி, கட்டி என்றே எழுதி வந்திருக்கிறேன். எனக்குக் கேன்சர். குரல்வளையில் கேன்சர். எழுதிவிட்டேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 23, திங்கள்

மாரிக்கனி டிஸ்சார்ஜ். போகும்போது தன் சிலேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஏற்கெனவே எழுதியிருந்தது: "பழகிரும்." முதல் முறையாக அவரிடம் சந்தேகம் எதுவும் தோன்றவில்லை. இருந்தாலும் சிலேட்டைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தேன்.

பிப்ரவரி 25, புதன்

நாளைக்குக் காலை ஆபரேஷன். இன்றைக்கு மதியம் கடைசியாக ஒரு தடவை பெனிட்டாவின் அறைக்குப் போனோம், இரண்டு பேரும். டீ குடித்தேன். நல்ல டீதான்.

பதிவைப் போடச் சொன்னேன். மேற்கண்ட விலாசம் எல்லாம் சொல்லவில்லை. ஆடித்தபசுக்கு மறுநாள் உலகம்மாள் எச்சரித்தது, டம்ளரை எறிந்தது, தென்காசி டாக்டரிடம் போகாதது, டாக்டர் முன்னால் பொய் சொல்லி அவளையும் பொய்யாக்கியது, எல்லாம் சொன்னேன். ஏன் போகவில்லை என்று பெனிட்டா கேட்டாள். "இந்தக் குரல்தான் நான். இதுக்கு ஒண்ணுன்னு யாராவது சொல்லிருவாங்களோன்னு பயம்" என்றேன். பயம் என்ற வார்த்தையை வாயால் சொன்னது என் நினைவில் இதுதான் முதல் தடவை. குரல் போகிற நேரத்தில் வந்திருக்கிறது.

"அம்மாவுக்கு ஏதாவது சொல்றீங்களா ஐயா? பதிவாகுது" என்றாள்.

என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "உலகம்மா" என்று கூப்பிட்டேன். "என்னங்க" என்றாள். "ஒண்ணுமில்ல, சும்மா கூப்பிட்டேன்" என்றேன். இன்னும் நாலைந்து தடவை கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவள் என்னங்க என்றாள். பெனிட்டா தலையைக் குனிந்துகொண்டாள்.

வார்டுக்கு வந்ததும் இந்த டைரியை உலகம்மாள் கையில் கொடுத்தேன். நான் உள்ளே இருக்கும்போது படி, தப்பு இருந்தால் திருத்து, சரி என்றால் கையெழுத்து போடு என்றேன். இந்தத் தடவையாவது முறைப்படி நடக்கட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

பத்து நாள் கழித்துப் பேனா பிடிக்கிறேன். மூக்கில் குழாய், கழுத்தில் ஓட்டை. தும்மினால் கூட அங்கே வருகிறது. நாதன் வந்திருந்தான். என்னால் திட்ட முடியாது என்று தைரியமாகத் தாடி வைத்திருக்கிறான்.

இன்று உலகம்மாள் டைரியைத் திருப்பித் தந்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக:

"படிச்சுப் பாத்தேன். ஆடித்தபசு இல்ல. சித்திரை விசு அன்னைக்கே சொன்னேன். பாயசம் குடிக்கும்போது இருமுனிய. குரலு ஒரு மாதிரி இருக்குன்னேன். நீங்க டிவி சத்தத்தக் கூட்டி வச்சிய. டாக்டர்கிட்டயும் அந்தப் பிள்ளைகிட்டயும் ஆடின்னு சொன்னப்ப நான் ஒண்ணும் சொல்லல. இப்ப திருத்தச் சொன்னதால எழுதுதேன். மத்ததெல்லாம் சரி. ச. உலகம்மாள்."

சித்திரை. ஆடிக்கு மூன்று மாசம் முந்தி.

எனக்குத் தெரியும். எப்போதும் தெரியும். பாயச டம்ளர் எந்த டம்ளர் என்பது வரைக்கும் தெரியும். உண்மையைச் சொல்கிறேன் என்று உட்கார்ந்த அன்றைக்கும் மூன்று மாசத்தை மறைத்துக்கொண்டேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் என்ன எழுதப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் நீட்டிய சிலேட்டை வேண்டாம் என்று தலையாட்டினேன். இங்கேயே, அவள் பார்க்க எழுதுகிறேன்.

படித்துப் பார்த்தேன். சித்திரைதான். சரி.

சங்கரபாண்டியன்.